அணுவும் ஆயிரமும்: அமைப்பியற் கொள்கையைச் சரீராத்மபாவத்தோடு ஒப்பிடுவது பற்றி

சிறிய அமைப்பு பெரிய அமைப்புக்குள் எவ்வாறு அடங்கி நிற்கிறது, அப்பெரியது தன்னினும் பெரியதொன்றுக்கு எவ்வாறு உறுப்பாகிறது என்னும் கேள்வியை மேலைநாட்டார் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு தனிச் சாஸ்த்ரமாகவே வளர்த்தார்கள். ஸிஸ்டம்ஸ் தியரி என்று அவர்கள் பெயரிட்ட இதனைத் தமிழில் அமைப்பியற் கொள்கை எனலாம். உயிரணுக்கள் கூடித் திசுவும், திசுக்கள் கூடி உறுப்பும், உறுப்புகள் கூடி உடலும், உடல்கள் கூடிக் குலமும் ஆகின்றன என்பது இக்கொள்கை எடுத்துக்கொள்ளும் எளிய உதாஹரணம். இதைக் கேட்ட மாத்திரத்திலேயே, இது நம் ஸித்தாந்தம் சொல்லும் சரீராத்மபாவம்தான், பெயர் மட்டுமே வேறு என்று கூறிவிடும் வழக்கம் உபந்யாஸங்களிலும் எழுத்துக்களிலும் பரவி வருகிறது. சொல்பவர்களின் நோக்கம் நல்லது. ஸித்தாந்தத்தின் பெருமையை இக்காலத்தவர்க்கு உணர்த்த வேண்டும் என்பதே அது. ஆயினும் இந்த ஒப்புமை ஆராயாமல் ஏற்கத்தக்கதன்று. ஏற்றால், ஸ்ரீபாஷ்யகாரர் எந்தத் தோஷத்தை விலக்குவதற்காகச் சரீரலக்ஷணத்தை வகுத்தாரோ, அந்தத் தோஷமே வேறு வழியாக உள்ளே புகுந்துவிடும்.

முதலில் எதிர்த்தரப்பை அதன் வலிமையோடு எடுத்துரைப்பது முறை. வியன்னா நகரத்தை அடுத்துப் பிறந்த உயிரியலாளர் லுட்விக் ஃபான் பெர்ட்டலான்ஃபி 1968இல் வெளியிட்ட பொது அமைப்பியற் கொள்கை என்னும் நூல் இத்துறைக்கு மூலநூல் போன்றது. ஆனால் அடக்கமுறையைப் பற்றிய தெளிவான விசாரம் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, 1962இல், ஹெர்பர்ட் ஸைமன் எழுதிய ஒரு கட்டுரையில் வந்துவிட்டது. பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்ற இவர் அதில் இரண்டு கடிகாரக்காரர்களின் கதையைச் சொல்கிறார். ஒருவர் பெயர் ஹோரா, மற்றவர் பெயர் டெம்பஸ். (நம் ஜோதிஷ நூல்களின் ஹோரையும் இந்த ஹோராவும் ஒரே கிரேக்கச் சொல்லின் வழிவந்தவை என்பது தெரிந்தவர்க்கு இப்பெயர் அந்நியமாய்த் தோன்றாது.) இருவர் செய்யும் கடிகாரங்களும் ஆயிரம் பாகங்கள் கொண்டவை. டெம்பஸ் ஆயிரத்தையும் ஒரே தொடராகக் கோக்கிறார். இடையில் எவரேனும் அழைத்துக் கையிலிருப்பதைக் கீழே வைத்தால், கோத்ததெல்லாம் உதிர்ந்துவிடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஹோராவோ பத்துப் பாகங்களைச் சேர்த்துத் தானே நிலைநிற்கும் ஒரு சிறு கூறாக்குகிறார். அத்தகைய பத்துக் கூறுகள் சேர்ந்து ஒரு பெருங்கூறு. பத்துப் பெருங்கூறுகள் சேர்ந்து கடிகாரம். இடையூறு நேர்ந்தால் கையிலுள்ள ஒரு கூறு மட்டுமே கலையும்.

ஒரு பாகத்தைச் சேர்க்கும்போது இடையூறு நேரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டு ஸைமன் கணக்கிடுகிறார். ஹோரா எடுக்கும் கூறுகளில் பத்தில் ஒன்பது முடிவு பெறும். டெம்பஸ் பத்து லட்சம் முறை தொடங்கினால் 44 முறைதான் முடிப்பார். ஒரு கடிகாரத்துக்கு ஹோராவைப் போல் ஏறத்தாழ 4,000 மடங்கு காலம் அவருக்குப் பிடிக்கும். ஆகவே இயற்கையில் நிலைபெற்று வளர்ந்த பெரும்படைப்புகள் யாவும் படிப்படியான கூறுகளால் ஆனவையாயிருப்பது வியப்பன்று என்பது ஸைமனின் முடிவு. கதை சிறியதாயினும் யுக்தி உறுதியானது.

இதே கதையை வேறு பெயர்களோடு எடுத்துச் சொன்ன ஆர்தர் கோஸ்ட்லர் 1967இல் ஹோலான் என்னும் புதுச்சொல்லைப் படைத்தார். முழுமை என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லோடு, கூறு என்பதைக் குறிக்கும் விகுதியைச் சேர்த்தது அது. எந்த இடைநிலை அமைப்பும் இரண்டு முகம் உடையது. கீழ்நோக்கும்போது தனக்குட்பட்டவற்றுக்கு முழுமை, மேல்நோக்கும்போது தன்னை உட்கொண்டதற்குக் கூறு என்பது அவர் கருத்து. ஒவ்வொரு ஹோலானிடத்தும் தன்னை நிலைநாட்டிக்கொள்ளும் இயல்பும், பெரியதோடு இயைந்து போகும் இயல்பும் சேர்ந்தே உள்ளன என்றும் அவர் சொன்னார்.

இந்த இருமுகத்தில்தான் ஒப்புமை கூறுவோர் மகிழ்கிறார்கள். ஜீவாத்மா தன் தேஹத்துக்கு ஆத்மா, பரமாத்மாவுக்குச் சரீரம். ஆகவே ஜீவன் ஒரு ஹோலான். எல்லா ஹோலான்களையும் தன்னுள் கொண்ட கடைசிப் பெரிய அமைப்பு ஸர்வேச்வரன் என்று அவர்கள் முடிக்கிறார்கள். கோஸ்ட்லர் இக்கருத்தை இந்தியாவிலிருந்தே பெற்றார் என்று சிலர் கூடுதலாகச் சொல்வதும் உண்டு. இந்தியாவையும் ஜப்பானையும் சுற்றிவந்து 1960இல் அவர் எழுதிய நூலில் நம் யோகிகளைப் பற்றி எத்துணைக் கடுமையாக எழுதினார் என்பதைப் பார்த்தவர் அப்படிச் சொல்லத் துணியார்.

இனி ஸித்தாந்தம். ஸ்ரீபாஷ்யம் இரண்டாம் அத்யாயத்தின் முதற்பாதத்தில், உலகம் ப்ரஹ்மத்துக்குச் சரீரமானால் உலகத்தின் தோஷங்கள் ப்ரஹ்மத்தைத் தீண்டாவோ என்னும் ஆக்ஷேபத்துக்கு ஸமாதானம் சொல்லும் இடத்தில்தான் சரீரலக்ஷணம் அருளிச்செய்யப்படுகிறது. இந்த இடத்தை மறந்துவிட்டு லக்ஷணத்தை மட்டும் எடுத்தாள்வதே பல பிழைகளுக்கு வித்து. பால்யமும் யௌவனமும் மூப்பும் தேஹத்தைச் சேர்ந்தவையேயன்றி ஆத்மாவைச் சேராதது போல, சேதனாசேதனங்களின் விகாரங்கள் அவற்றைச் சரீரமாகவுடையவனைச் சேரா என்பது அங்குள்ள பொருள். இதை நிலைநாட்டுவதற்காகவே, ஒரு சேதனன் எந்தத் த்ரவ்யத்தைத் தன் ப்ரயோஜனத்துக்காக முற்றிலும் நியமிக்கவும் தரிக்கவும் வல்லனோ, எது அவனுக்குச் சேஷமாயிருப்பதையே ஸ்வரூபமாக உடையதோ, அது அவனுக்குச் சரீரம் என்று வரையறுத்தார். தாங்கப்படுதல், நியமிக்கப்படுதல், சேஷமாயிருத்தல் என்பன மூன்று. இம்மூன்றிலும் உள்ளடங்கியிருத்தல் என்பது எங்கும் இல்லை. கூறாயிருத்தல் என்பதும் இல்லை. சிறிதாயிருத்தல் என்பது அறவே இல்லை.

இல்லாதது மட்டுமன்று, நேர்மாறாகவும் இருக்கிறது. விசிஷ்டாத்வைதத்தில் ஜீவன் அணு. கையும் காலும் தலையுமாகப் பரந்த தேஹத்தை அந்த அணுவே தாங்குகிறது. அது புறப்பட்டவுடன் தேஹம் சிதையத் தொடங்குகிறது. விளக்கு ஓரிடத்திலிருக்க அதன் ஒளி அறை முழுதும் பரவுவது போல, அணுவான ஆத்மா தன் தர்மபூதஜ்ஞானத்தால் உடல் முழுவதையும் வ்யாபிக்கிறது என்பர் ஆசார்யர்கள். இங்கே சிறியது பெரியதைத் தாங்குகிறது. கோஸ்ட்லரின் படிவரிசையில் இந்த ஜீவனை எந்தப் படியில் வைப்பது? உடலுக்கு மேற்படியில் வைத்தால் மேற்படி கீழ்ப்படியை உட்கொண்டிருக்க வேண்டும். அணு உடலை உட்கொள்ளாது. உடலுக்குள் ஒரு கூறாக வைத்தால் ஆத்மா தேஹத்தின் அவயவமாகிவிடும். அது சார்வாகனுக்கு மட்டுமே உவப்பு. இந்த ஓர் இடமே ஒப்புமையை முறிக்கப் போதுமானது.

அமைப்பியலார்க்கும் இந்த வேறுபாடு தெரியாததன்று. ஆலனும் ஸ்டாரும் 1982இல் எழுதிய நூலில், உட்கொள்ளும் படிமுறை வேறு, உட்கொள்ளாத படிமுறை வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். படை என்பது படைவீரர்களை உட்கொண்டது. படைத்தலைவனோ வீரர்களை உட்கொண்டவனல்லன், ஆயினும் அவன் அவர்களுக்கு மேற்பட்டவன். ஒப்புமை கூறுவோர் இந்நூலையேனும் கண்டிருந்தால், சரீரியைப் படையின் இடத்திலன்றித் தலைவனிடத்தில் வைத்திருப்பர். அதுவும் முழுப் பொருத்தமன்று. தலைவன் இறந்தாலும் வீரன் இருப்பான். ஸத்தையே தலைவனிடமிருந்து பெறுவதில்லை வீரன்.

பெரிய அமைப்பு தன் கூறுகளால் ஆனது என்பது அமைப்பியற் கொள்கையின் உயிர்நாடி. ஹோராவின் கடிகாரம் தன் கூறுகளன்றி இல்லை. கூறு கெட்டால் முழுமை கெடும். கூறுகள் இடம் மாறினால் முழுமை வேறாகும். ஈச்வரனைக் கடைசிப் பெரிய அமைப்பு என்று சொல்லிவிட்டால், அவன் சேதனாசேதனங்களால் ஆனவன், அவற்றின் குறை அவன் குறை என்பது தானே ஏற்படும். எந்த ஆக்ஷேபத்துக்குப் பதிலாக லக்ஷணம் பிறந்ததோ, அந்த ஆக்ஷேபத்தையே ஸித்தாந்தமாக்கிய குற்றம் இங்கு நேர்கிறது. ஆதரவாளர்கள் விரும்பிச் செய்வதன்று இது. சொல்லின் இழுப்பில் நேர்வது.

நோயுற்ற உறுப்பைப் பற்றி ஸ்ரீபாஷ்யகாரர் அவ்விடத்திலேயே சொல்லும் ஸமாதானமும் நினைக்கத்தக்கது. செயலிழந்த கை ஆத்மாவின் நியமனத்துக்கு உட்படவில்லையே, அது சரீரமாகுமா என்றால், நியமிக்கும் சக்தி இருந்தே அங்குத் தடைப்பட்டிருக்கிறது. நெருப்பின் சக்தி தடைப்பட்டபோது சூடு தோன்றாததனால் நெருப்புக்குச் சூடில்லை என்று சொல்வதில்லை என்கிறார். கோஸ்ட்லரோ, தன்னை நிலைநாட்டும் இயல்பு மிஞ்சி முழுமையோடு இயையாமற்போன கூறு பிணியாய் வளர்கிறது என்பார். அமைப்பியலில் கூறாயிருத்தல் செயலால் அறியப்படுவது. செயல் நின்றால் உறவும் தளர்கிறது. ஸித்தாந்தத்தில் உறவு ஸ்வரூபத்திலேயே உள்ளது. ஸம்ஸாரத்தில் உழலும் ஜீவன் சேஷத்வத்தை மறந்தவனேயன்றி இழந்தவனல்லன். இந்த வேறுபாடு சிறிதன்று. உபதேசம் என்பது ஏன் பயன்படுகிறது என்னும் கேள்வியே இதைப் பற்றி நிற்கிறது.

கென்னத் போல்டிங் 1956இல் அமைப்புகளை ஒன்பது படிகளாக வரிசைப்படுத்தினார். அசையாத சட்டகம், கடிகாரம் போன்ற இயக்கம், வெப்பத்தைத் தானே சீர்செய்துகொள்ளும் கருவி, உயிரணு, தாவரம், விலங்கு, மனிதன், ஸமூஹம் என எட்டைச் சொல்லி, ஒன்பதாவதாக அறிவுக்கு எட்டாதவற்றுக்கும் ஓர் இடம் ஒதுக்கினார். விடை கிடைக்காத கேள்விகளைக் கேட்கவும் மனிதனுக்கு இடமிருக்க வேண்டும் என்ற அவருடைய அடக்கம் பாராட்டத்தக்கது. அந்த ஒன்பதாம் படியைக் கண்டதும் அதில் பரமபதநாதனை ஏற்றிவைக்கும் ஆவல் நம்மவர்க்கு எழுவதும் இயல்பே. ஆனால் ப்ருஹதாரண்யகத்தின் அந்தர்யாமி ப்ராஹ்மணம் அப்படி ஏணி கட்டவில்லை. ப்ருதிவியில் தொடங்கி, நீர், அக்னி, ஆகாசவெளி, காற்று, ஸூர்யன், திசைகள் என்று சென்று, எல்லா ப்ராணிகளையும் சொல்லி, பின் மூச்சுக்கும் வாக்குக்கும் கண்ணுக்கும் மனத்துக்கும் திரும்புகிறது. பெரிதிலிருந்து சிறிதுக்கு இறங்கும் முறையும் அங்கில்லை, சிறிதிலிருந்து பெரிதுக்கு ஏறும் முறையும் இல்லை. ஒவ்வொன்றிலும் உள்ளிருந்து, அது அறியாமலே அதை நியமிப்பவன் ஒருவன் என்பதே ஒவ்வொரு பர்யாயத்திலும் திரும்பத் திரும்ப வருவது. ஏணியின் உச்சியில் இருப்பவன் கீழ்ப்படியைத் தொட வேண்டுமானால் இடையிலுள்ள படிகள் வழியாகவே தொட வேண்டும். அந்தர்யாமிக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. அசேதனம் ஜீவன் வழியாகவும் ஈச்வரனுக்குச் சரீரம், நேராகவும் சரீரம் என்பதை ஸத்வாரகம், அத்வாரகம் என்ற சொற்களால் ஆசார்யர்கள் விசாரித்ததும் இதற்காகவே.

அப்படியானால் அமைப்பியற் கொள்கைக்கு நம் நூல்களில் இணையான இடமே இல்லையோ எனின், உண்டு. ஆனால் அது வேறிடத்தில் உண்டு.

நையாயிகர் நூல்களினின்று துணி என்னும் புதிய த்ரவ்யம் தோன்றுகிறது என்பர். அவயவங்களுக்கு மேற்பட்ட அவயவி என்று அதற்குப் பெயர். நம் ஆசார்யர்கள் இதை ஏற்பதில்லை. நூல்களே ஒரு விசேஷமான ஸம்ஸ்தானத்தில், அதாவது அடுக்கமைதியில், நிற்கும்போது துணி எனப்படுகின்றன. துணி வேறொரு த்ரவ்யமாயிருந்தால் நூலின் எடையோடு துணியின் எடையும் சேர்ந்து இருமடங்காக வேண்டாவோ என்பது பழைய வாதம். ஸ்வாமி தேசிகன் ந்யாயஸித்தாஞ்ஜனத்தில் அவயவியை விரிவாகக் கண்டித்திருக்கிறார். எனினும் நூற்குவியலும் துணியும் ஒன்றே என்று அவர்கள் சொல்லவில்லை. குவியல் குளிரைத் தடுக்காது, துணி தடுக்கும். அந்தக் கார்யபேதம் ஸம்ஸ்தானத்தினாலேயே வருகிறது.

இப்போது பெர்ட்டலான்ஃபியைப் பார்க்க வேண்டும். முழுமை என்பது கூறுகளின் கூட்டுத்தொகைக்கு மேற்பட்டது என்னும் வாக்யம் இத்துறையில் மந்த்ரம் போல ஓதப்படுவது. அதில் மறைபொருள் ஒன்றும் இல்லை என்று அவரே விளக்கிவிட்டார். கூறுகளைத் தனித்தனியே பிரித்துவைத்து அறிந்தால் முழுமையின் தன்மை விளங்காது. கூறுகளையும் அவற்றிடையே உள்ள உறவுகளையும் சேர்த்து அறிந்தால் விளங்கும் என்பதே அவர் கொண்ட பொருள். இது அவயவிவாதமன்று, ஸம்ஸ்தானவாதம். ஒப்பிட வேண்டியவர்கள் இங்கேயன்றோ ஒப்பிட்டிருக்க வேண்டும்? ஜடப்பொருள்களின் கூட்டம் எவ்வாறு செயற்படுகிறது என்ற அளவில் வியன்னாவின் உயிரியலாளரும் நம் ஆசார்யர்களும் ஏறத்தாழ ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். பிரியும் இடமும் தெளிவானது. சில பொருள்களின் சேர்க்கையில் மதசக்தி பிறப்பது போலப் பூதங்களின் சேர்க்கையில் சைதன்யம் பிறக்கும் என்று சார்வாகன் சொன்னதை ஆளவந்தார் ஆத்மஸித்தியில் மறுத்தார். அடுக்கமைதியால் புதிய செயல் வரலாம், அறிபவன் வரமாட்டான் என்பது ஸித்தாந்தத்தின் எல்லைக்கோடு. அமைப்பியலார் பலர் அந்தக் கோட்டைத் தாண்டி மனத்தையும் மேற்படியின் குணமென்பர். அங்கே அவர்களோடு வாதம் செய்ய வேண்டுமேயன்றி உறவு கொண்டாடக்கூடாது.

இரண்டாவது இடம் இன்னும் வளமானது. அது தத்த்வநூல்களில் இல்லை, வ்யாக்யானங்களில் இருக்கிறது.

ஹோராவின் கடிகாரம் பத்து, பத்து, பத்தாக ஆயிரம் பாகம் உடையது. பத்துப் பாசுரம் ஒரு திருவாய்மொழி, பத்துத் திருவாய்மொழி ஒரு பத்து, பத்துப் பத்து ஆயிரம் என்று வகுப்புண்ட ப்ரபந்தத்தை ஓதுபவர்க்கு இந்த எண் திடுக்கிட வைக்கும். தற்செயலானது இது, இதில் ரஹஸ்யம் தேட வேண்டியதில்லை. ஆனால் ஸைமன் இந்த அடுக்கைப் பற்றிச் சொல்லும் அடுத்த கருத்து திருவாய்மொழிக்கு உரைகல்லாகப் பயன்படும். நல்ல அமைப்பில் கூறுக்குள் உள்ள பிணைப்பு வலியது, கூறுகளுக்கிடையே உள்ள பிணைப்பு மெலியது, ஆனால் இல்லாததன்று என்கிறார் அவர். ஒரு வீட்டை உதாஹரணமாக்குகிறார். அறைகளுக்கிடையே தடித்த சுவர், அறைக்குள் மெல்லிய தடுப்புகள். ஓர் அறைக்குள் வெப்பம் விரைவில் ஒன்றுபடும். அறைக்கும் அறைக்கும் மெல்லவே ஒன்றுபடும். ஆகவே வீட்டை முழுதாக நோக்குபவன் ஒவ்வோர் அறைக்கும் ஒரே வெப்ப அளவைக் குறித்துக்கொண்டால் போதும்; அறையின் உட்தடுப்புகளை எண்ண வேண்டாம்.

திருவாய்மொழியின் சொல்லமைதி இந்த விதிக்கு உட்படுவதில்லை. பாசுரத்துக்கும் பாசுரத்துக்கும் உள்ள அந்தாதித்தொடை எதுவோ, அதே தொடைதான் ஒரு திருவாய்மொழிக்கும் அடுத்ததற்கும், ஒரு பத்துக்கும் அடுத்ததற்கும். உள்ளே வலிது வெளியே மெலிது என்னும் பேதம் அங்கில்லை. கடைசிப் பாசுரத்தின் முடிவுச்சொல் முதற்பாசுரத்தின் தொடக்கச்சொல்லோடு சேர்ந்து மண்டலிக்கிறது. ஒலியளவில் பார்த்தால் டெம்பஸின் கடிகாரம் போல ஒரே தொடர். ஆனால் டெம்பஸுடையது போல உதிர்வதன்று.

பொருளளவில் நிலைமை வேறு. ஒரு திருவாய்மொழிக்குள் பொருள் ஒன்றாய் இறுகி நிற்கிறது. அடுத்ததற்குச் செல்லும்போது பெரிய இடைவெளி திறக்கிறது. முதற்பத்தின் மூன்றாம் திருவாய்மொழி அவதாரத்தின் எளிமையைப் பேசுவது. நான்காவதில் திடீரென்று பிரிவாற்றாத தலைமகள் ஒருத்தி பறவைகளைத் தூது விடுகிறாள். அந்தாதி அறவில்லை, பேசுபவரே மாறிவிட்டார். வெண்ணெய் களவு கண்டு கட்டுண்டவனின் எளிமையில் ஈடுபட்டு மோஹித்த ஆழ்வார், உணர்ந்தபின் அவனை அணுகி அநுபவிக்கப் பெறாமையால் தலைமகளின் நிலையை அடைந்தார். தாம் செய்த குற்றத்தை நினைந்து அவன் வாராதிருக்கலாம், குற்றம் பொறுக்கும் குணத்தை நினைவூட்டினால் வருவான் என்று தூது விடுகிறார் என வ்யாக்யானம் இடைவெளியை இணைக்கிறது. ஈட்டில் ஒவ்வொரு திருவாய்மொழிக்கும் உள்ள ப்ரவேசத்தின் பணி இதுவே. பாசுரத்துக்கு அவதாரிகை, திருவாய்மொழிக்கு ப்ரவேசம், ப்ரபந்தம் முழுவதற்கும் மூன்று ச்ரிய:பதிப்படிகள் என ஒவ்வொரு படிக்கும் ஓர் இணைப்புரை நம்பிள்ளை அருளிச்செய்திருக்கிறார். ஒலியில் ஆழ்வார் செய்த இணைப்பைப் பொருளில் வ்யாக்யாதாக்கள் செய்து முடித்தார்கள் எனலாம்.

இதனால் ஒரு நடைமுறைக் குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எளிய பதிப்பு என்ற பெயரில் ப்ரவேசத்தையும் அவதாரிகையையும் நீக்கிவிட்டுப் பதவுரையை மட்டும் அச்சிடுவது பெருகிவருகிறது. நீக்குபவர்கள் அவற்றை முன்னுரை என்று கருதிவிட்டார்கள். சுவரை நீக்கிவிட்டு அறைகளை வைத்துக்கொள்வது போன்றது அது. பாசுரத்தின் பொருள் அப்படியேயிருக்கும், அது எந்தத் திருவாய்மொழியின் எந்த நிலையில் எழுந்தது என்பது மறையும். அப்புறம் எந்தப் பாசுரத்தையும் எதற்கும் மேற்கோளாக்கலாம்.

அறைக்கு ஓர் அளவு போதும் என்ற ஸைமனின் கருத்துக்கு மணவாள மாமுனிகளின் திருவாய்மொழி நூற்றந்தாதி நேரான உதாஹரணம். ஒரு திருவாய்மொழிக்கு ஒரு வெண்பா. அந்தத் திருவாய்மொழியின் முதலும் முடிவுமான சொற்களை வெண்பாவும் தன் முதலிலும் முடிவிலும் காத்துக்கொள்கிறது; உள்ளேயுள்ள பதினொரு பாசுரத்தின் பொருளும் நான்கடியில் சுருங்குகிறது. ஓரம் காக்கப்படுவதால், நூறு வெண்பாக்களும் மூலத்தைப் போலவே அந்தாதியாய்த் தொடர்கின்றன. மேற்படிக்கு வேண்டியது ஓரமும் ஸாரமும் மட்டுமே என்பதை இதனினும் அழகாகக் காட்ட முடியாது.

பதினொன்று என்ற எண்ணும் ஒருமுறை மீறப்படுகிறது. நூறு திருவாய்மொழிகளில் தொண்ணூற்றொன்பது பலச்ருதியோடு பதினொரு பாசுரம் உடையவை. இரண்டாம் பத்தின் ஏழாவது மட்டும் பன்னிரு திருநாமங்களுக்குப் பன்னிரண்டும் பலச்ருதி ஒன்றுமாகப் பதின்மூன்று. அதனாலேயே மொத்தம் 1,102. கூறின் அளவை அமைப்பு நிர்ணயிக்கவில்லை, எடுத்த பொருள் நிர்ணயிக்கிறது. ஹோராவின் பட்டறையில் பதின்மூன்று பாகமுள்ள ஒரு கூறு வந்தால் கடிகாரம் ஓடாது.

இனிப் பத்துகளின் படி. இங்குதான் கூர்ந்து நோக்க வேண்டியது இருக்கிறது. தேசிகனின் த்ரமிடோபநிஷத் தாத்பர்யரத்நாவளி ஒவ்வொரு பாசுரத்துக்கும் ஒரு குணம், ஒவ்வொரு திருவாய்மொழிக்கும் ஒரு குணம், ஒவ்வொரு பத்துக்கும் ஒரு குணம் என்று எடுத்துக் காட்டுவது. முதற்பத்தின் திருவாய்மொழிகளில் பரத்வமும் உண்டு, ஸௌலப்யமும் உண்டு. குற்றம் பொறுத்தலும், சீலமும், ஆர்ஜவமும் உண்டு. பரத்வமும் ஸௌலப்யமும் ஒன்றையொன்று விலக்குவன போலத் தோன்றுபவை. அவையெல்லாம் சேர்ந்த பத்துக்கு அவர் காணும் குணம் ஸேவ்யத்வம். மேன்மை மட்டும் உடையவனை அணுக முடியாது. எளிமை மட்டும் உடையவனை அணுகிப் பயனில்லை. இரண்டும் ஓரிடத்தில் இருந்தால்தான் அவன் ஸேவிக்கத்தக்கவன். எந்த ஒரு திருவாய்மொழியிலும் தனியே நில்லாத குணம், பத்தின் உறவிலிருந்து எழுகிறது. ஸம்ஸ்தானத்தால் கார்யபேதம் என்று முன்னே சொன்னது இங்கே பொருளுலகில் நடக்கிறது.

ஆயினும் அதே முதற்பத்துக்கு அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்யஹ்ருதயத்தில் காட்டும் குணம் ஸேவ்யத்வமன்று, பரத்வம். இரண்டாம் பத்துக்குத் தேசிகன் போக்யத்வம் என்பார். நாயனார் காரணத்வம் என்பார். ஒரே நூறு பாசுரங்கள், ஒரே எல்லைகள். அவை கூடி ஆகும் பெரியது இரண்டு ஆசார்யர்களிடத்தில் இரண்டாக இருக்கிறது. இதில் யார் சரி என்று கலை பேதத்தைக் கொண்டுவந்து வாதிப்பது வீண். ராஸ் ஆஷ்பி 1956இல் எழுதிய நூலில், ஓர் அமைப்பு என்பது பொருளே தருவதன்று, நோக்குபவன் எந்தக் கூறுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறான் என்பதைப் பொறுத்தது என்றார். ஆசார்யஹ்ருதயம், ஈச்வரன் ஆழ்வாரைப் பத்துப்பத்தாக எவ்வாறு நடத்திக்கொண்டு போகிறான் என்னும் கேள்வியோடு பத்துகளைப் பார்க்கிறது. அப்போது முதலில் நிற்க வேண்டியது நடத்துபவனின் மேன்மை. தாத்பர்யரத்நாவளியோ, உபாயமும் பலமுமாக நிற்பவனிடத்தில் எந்தக் குணத்தைப் பற்றி அவனை அடைவது என்னும் கேள்வியோடு பார்க்கிறது. அப்போது முதலில் வேண்டியது அணுகத்தக்கவனாயிருத்தல். கேள்வியின் ப்ரயோஜனம் எதுவோ, அதற்குச் சேஷமாகவே பத்தும் தன் குணத்தைக் காட்டுகிறது.